வேலையில் மனம் ஒன்ற வேண்டுமாயின்

“முகாமிலே இருந்த சனம் இனி வேலை செய்யாது சுவாமி. நிவாரணம் வாங்கியே பழகிப்போச்சுதுகள்.”

கூட்டமொன்றின் தேநீர் இடைவேளையில் ஓர் உத்தியோகத்தர் என்னிடம் கூறிய வார்த்தைகள் இவை. அவர் கெட்ட எண்ணம் கொண்டவர் அல்லர். எமது மக்களுக்காக ஓடித்திரிபவர்களில் அவரும் ஒருவர். அவருடைய மேற்பார்வையில் நடந்த வீதித் திருத்த வேலையொன்று ஐந்து நாட்களில் முடிய வேண்டியது, பதினான்கு நாட்கள் இழுபட்டுவிட்டது. அந்தக் கோபம் அவருக்கு. நான் பதில் சொல்லாமல் தேநீரைக் குடித்தேன். ஏனெனில் அதே வார்த்தைகளை, இவ்வளவு வெளிப்படையாக இல்லாவிட்டாலும், நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது.

இப்பேச்சை நீங்கள் என்னைவிட அதிகம் கேட்டிருப்பீர்கள். உங்களுள் பலர் ஒரு தடவையல்ல, மூன்று நான்கு தடவைகள் இடம்பெயர்ந்தவர்கள். போன இடமெல்லாம் தரப்பாள் கொட்டிலைக் கட்டிய மறுவாரமே வாசலில் நாலு கத்தரிக் கன்றும் ஒரு பாத்தி மிளகாயும் வைத்தவர்கள். வரிசையில் நின்று வாளியில் கொண்டுவந்த தண்ணீரில் முகம் கழுவிய மிச்சத்தை அந்தக் கன்றுகளுக்கு ஊற்றியவர்கள். இவர்கள் சோம்பேறிகள் என்றால் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கவில்லை. ஆயினும் உண்மையையும் மறைத்தல் ஆகாது. அதே மனிதர், கூலி வேலைக்கென்று நாம் அழைத்துச் செல்லும் இடத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். மேற்பார்வையாளரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் குனிகிறார். சத்தம் தேய்ந்ததும் நிமிர்கிறார். கையும் அதே கை, மண்ணும் அதே மண். வேலை செய்பவரைக் குறை கூறுமுன், அந்த வேலைக்குத் தலைமை தாங்குபவரைப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. தலைமை தாங்குபவர் என்று கூறும்போது முதலில் என்னையே கூறுகின்றேன்.

2009 ஆம் ஆண்டின் பின்னர் மீள்குடியேற்றம் நடந்த காலத்தில் வன்னியில் ஒரு சிறுகுளத்தின் கட்டை உயர்த்தும் வேலை எம் பொறுப்பில் வந்தது. அப்போது நான் குருத்துவத் திருநிலைப்பாடு பெற்று அதிக காலம் ஆகவில்லை. குருமடத்தில் தத்துவமும் இறையியலும் படித்தவனுக்குக் குளக்கட்டைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணம் தந்த நிறுவனம் மூன்று மாதத்தில் கணக்கு முடிக்கும்படி கேட்டது. டிப்ளோமா முடித்த ஓர் இளைஞனை மேற்பார்வைக்கு வைத்தேன். கெட்டிக்காரப் பிள்ளை. காலை எட்டு மணிக்கு வரவுப் புத்தகத்தைத் திறப்பார். எட்டேகாலுக்கு வருபவருக்கு அரைநாள் கூலி வெட்டு. மண் எங்கே வெட்டுவது, எங்கே கொட்டுவது என்று கயிறு பிடித்துக் காட்டுவார். கழுத்தில் ஒரு விசில். அந்த விசிலை வாங்கிக் கொடுத்தவன் நான்.

வேலை நடந்தது. ஊர்ந்து ஊர்ந்து நடந்தது. ‘மனித நாட்கள்’ இத்தனை என்று அறிக்கையில் எழுதினோம். அந்தத் தொகையைப் பார்த்துப் பணம் தந்தவர்கள் மகிழ்ந்தார்கள். மார்கழி மழையில் கட்டு உடைப்பெடுத்தது. பயிர் மட்டம் வெடிக்கும் பருவம். கடன்பட்டு விதைத்த பதினொரு குடும்பங்களின் வயலை மணல் மூடியது.

உடைத்த இடத்தைப் பார்க்கப் போனபோது, கட்டில் வேலை செய்த ஒரு முதியவர் அங்கே குந்தியிருந்தார். “இதுக்குள்ளைதான் சுவாமி பழைய துருசு கிடந்தது. தூர்த்துப்போட்டு மேலாலை மண்ணைப் போட்டவை. எப்பவும் ஊறுற இடம்” என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. “ஏன் ஐயா முதலே சொல்லேல்லை?” என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: “நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே. மண்ணை எங்கை கொட்டோணும் எண்டுதானே சொன்னனீங்கள்.”

அந்தப் பதிலை நான் பல மாதங்கள் சுமந்து திரிந்தேன். அவர் வஞ்சகமாக மறைக்கவில்லை. நாற்பது வருடமாக அந்தக் குளத்தின் கீழ் வயல் செய்த மனிதரை வரவுப் புத்தகத்தில் ஒரு கையெழுத்தாக நாம் மாற்றிவிட்டோம். கையெழுத்து வைத்தவர் கையை மட்டும் கொண்டுவந்தார். அறிவையும் அக்கறையையும் வீட்டிலே வைத்துவிட்டு வந்தார். நாம் அவரிடம் வாங்கியதும் கையைத்தான்.

அதன் பிறகே கல்லோயாவைப் பற்றித் தேடி வாசித்தேன். கல்லோயா என்றதும் எம்மவர் நெஞ்சில் 1956 ஆம் ஆண்டு எழும். அந்தக் கொலைகளை நான் மறந்து எழுதவில்லை. ஆயினும் அதே மண்ணில் 1981 ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு காரியம், தலைமைத்துவத்தைப் பற்றிச் சிந்திக்கும் எவரும் அறிய வேண்டியதாகும்.

சேனநாயக்க சமுத்திரத்தின் இடதுகரை வாய்க்கால்கள் அக்காலத்தில் சீரழிந்து கிடந்தன. கதவுகள் உடைந்திருந்தன, வாய்க்கால்கள் பல வருடங்களாகத் துப்புரவு செய்யப்படாமல் தூர்ந்திருந்தன. மேற்பகுதியிலிருந்த சிங்களக் குடியேற்ற விவசாயிகள் தமக்கு வேண்டியதற்கு மேலாக நீரை எடுக்க, கடைமடையிலிருந்த தமிழ் பேசும் விவசாயிகளுக்கு நீர் எட்டவேயில்லை. மேலே இருந்தவர்களும் ஒருவரோடொருவர் நீருக்காக அடிபட்டனர். இந்த விவசாயிகள் ஒற்றுமையாக எதையும் செய்யமாட்டார்கள் என்பதே உத்தியோகத்தர்களின் முடிந்த முடிபாக இருந்தது. எனக்குத் தேநீர் வேளையில் சொல்லப்பட்ட வார்த்தைகளுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, பட்டதாரி இளைஞர் யுவதிகள் 30 பேருக்கு மேற்பட்டோரைப் பயிற்றி, 1981 மார்ச் மாதம் உகனைப் பகுதிக்கு அனுப்பின. அவர்கள் போன உடனே சங்கம் அமைக்கவில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பெயர் எழுதவில்லை. விவசாயிகளோடு தங்கி, வீடு வீடாகச் சென்று, உங்கள் வாய்க்காலில் என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். பின்பு ஒரு வயல் வாய்க்காலில் நீர் பெறும் பத்து இருபது பேரை ஒன்றாக இருத்தி, நீங்களே என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். அவ்வளவுதான். அந்த வருடம் நீர்த்தேக்கத்தில் ஏறக்குறைய காற்பங்கு நீரே இருந்தது. இப்படிப்பட்ட வருடத்தில் வெட்டுக்குத்து நடக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். சில வாரங்களுக்குள் விவசாயிகள் கூலியின்றித் தாமாகவே வாய்க்கால்களைத் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். தாம் மிச்சம் பிடித்த நீரைக் கீழே உள்ளவர்களுக்கு விட்டனர். இந்த அனுபவத்தை நோர்மன் அப்ஹொஃப் என்ற பேராசிரியர் எழுதிய நூல் 1992 இல் வெளிவந்தது. 

பிரதிநிதியைத் தெரிந்த முறையைக் கவனியுங்கள். வாக்கெடுப்பு நடத்தவில்லை. வாக்கெடுப்பில் வென்றவர் பக்கம், தோற்றவர் பக்கம் என்று இரண்டு பக்கம் வந்துவிடும். எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒருவர் வரும்வரை பேசினார்கள். அவருக்குச் சம்பளமும் இல்லை. பின்னர் இந்த விவசாயப் பிரதிநிதிகள் அம்பாறை மாவட்ட விவசாயக் குழுவில் உத்தியோகத்தர்களோடு சரிசமமாக உட்கார்ந்தார்கள். வாய்க்காலை வெட்டுபவன் பேச, பொறியியலாளர் கேட்டார்.

அது பட்டதாரிப் பிள்ளைகளின் ஆரம்பச் சூடு, பிறகு ஆறியிருக்கும் என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்லவேண்டும். 1997 ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் நீர்த்தேக்கத்திலிருந்த நீர் 15,000 ஏக்கர் நெல்லுக்கே போதும் என்று பொறியியலாளர்கள் கணித்தனர். விவசாயிகளின் அமைப்புகள் 65,000 ஏக்கர் செய்தன. வழமையான சராசரிக்கு மேலான விளைச்சல் கிடைத்தது. மேலே இருந்த சிங்கள விவசாயிக்கும் கீழே இருந்த தமிழ் பேசும் விவசாயிக்கும் நீர் நியாயமாகப் பங்கிடப்பட்டது. நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த வருடம் அது. இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. என்னுடைய குளத்தில் பதினொரு குடும்பங்கள் ஒரே மொழி பேசி, ஒரே கோவிலில் கும்பிட்டு, ஒரே முகாமில் இருந்தவர்கள். அவர்களை ஒன்றுசேர்க்க எனக்கு விசில் தேவைப்பட்டது!

எமது முன்னோரிடமும் இதற்கு ஒரு முறை இருந்தது. வெல்விதானையார் என்ற நீர் விதானையார் வாய்க்கால் வேலைக்கு ஆள் கூப்பிடுவார், முறைக்கு நீர் விடுவார். அறுவடையில் கிடைக்கும் நெல்லே அவருடைய ஊதியம். வயல் விளையாவிட்டால் அவருக்கும் வயிறு காயும். அந்த முறையில் பணக்காரரின் வயலுக்கு முதல் நீர் என்ற அநியாயமும் இருந்தபடியால் அதைப் புகழ்ந்து நான் கண்ணீர் வடிக்கப் போவதில்லை. 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் அதை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. ஆனாலும் தலைவருடைய சோறும் தொழிலாளியுடைய சோறும் ஒரே வயலிலிருந்து வந்த அந்த ஒரு அம்சத்தை நாம் இழந்துவிட்டோம். இன்று வேலை கெட்டாலும் எனக்குச் சாப்பாடு வரும். என் மேற்பார்வையாளருக்கும் மாதச் சம்பளம் வரும். உடைப்பெடுத்த குளத்தின் கீழ் இருப்பவருக்குத்தான் வராது.

விவிலியத்தில் நெகேமியாவின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அடிமைத்தனத்திலிருந்து திரும்பி வந்த மக்கள் எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டிய கதை அது. எமது கதைக்கு மிகவும் கிட்டியது. நெகேமியா முதலில் பேச்சு நிகழ்த்தவில்லை. இரவில் சென்று இடிந்த மதிலைத் தாமே சுற்றிப் பார்த்தார். பலருக்குத் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள மதிலின் பகுதியே பொறுப்பாக வந்தது. தன் வீட்டுக்கு முன்னால் உள்ள மதிலை எவன் அரைகுறையாகக் கட்டுவான்? தெக்கோவாவின் பெரியமனிதர்கள் மட்டும் அந்த வேலைக்குத் தோள் கொடுக்கவில்லை என்பதையும் அந்த நூல் பதிவு செய்திருக்கிறது. இன்றைய சங்கக் கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர்களை எண்ணி நான் சிரித்துக்கொண்டேன். பிறகு என் கதிரையும் முன்வரிசையில்தான் என்பது நினைவுக்கு வந்தது. நெகேமியா ஆளுநருக்குரிய உணவுப் படியை வாங்கவில்லை. மக்கள் பாரம் சுமக்கும் காலத்தில் அதை வாங்குவது தகாது என்று எண்ணினார். கடன் கொடுத்து ஏழைகளின் வயலை அடகு பிடித்தவர்களைக் கூட்டத்தில் வைத்தே கண்டித்தார். வேலையும் நியாயமும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மனம் ஒன்றி உழைப்பது பற்றிப் பேசத் தொடங்கினால், அதைச் சாட்டாக வைத்துக் கூலியைக் குறைப்பவர்களும் வருவார்கள். சிரமதானம் என்ற நல்ல சொல்லை இப்படிப் பாழாக்கியிருக்கிறோம். வந்த பணத்தில் பாதியை வேறெதற்கோ செலவு செய்துவிட்டு, மீதி வேலையைச் சிரமதானமாகச் செய்யுங்கள் என்று ஏழைகளிடம் கேட்பது திருட்டு. நியாயமான கூலி தொழிலாளியின் உரிமை என்பதைத் திருச்சபை 1891 ஆம் ஆண்டு முதலே ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல் வழியாகக் கூறிவருகிறது. கல்லோயாவில் நான் மேலே கூறிய 1981 ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உழைப்பைப் பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். கூலி கொடுத்தால் மட்டும் போதாது, தான் தனக்காகவே உழைக்கிறேன் என்ற உணர்வு உழைப்பவருக்கு இருக்க வேண்டும். எங்கோ மேலே இருந்து சுழற்றப்படும் பெரிய இயந்திரத்தின் பல்லாக அவர் ஆகிவிடக் கூடாது என்பது அதன் கருத்துக்களில் ஒன்று. கூலியும் வேண்டும், இந்த உணர்வும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுத்தல் ஆகாது.

கமத்தை விட்டு ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் எமது பெண்பிள்ளைகளிடமும் இதையே கேட்டிருக்கிறேன். ஒரு பிள்ளை சொன்னாள்: “டாகெட் கூட எண்டதுக்காக நான் விடேல்லை சுவாமி. பழைய சுப்பர்வைசர் அக்கா இருக்கேக்கை அதே டாகெட்தான். அவ மெசின் பழுதெண்டால் மெசினைப் பாப்பா. இவர் மெசினை விட்டிட்டு என்னைப் பாக்கிறார்.” தொழிற்சாலையைப் பற்றி இதைவிட அதிகம் எழுத எனக்கு அறிவில்லை.

உடைத்த குளத்துக்குத் திரும்புவோம். மறு வருடம் அதைத் திருத்தும்போது அந்த இளைஞனை வேறிடத்துக்கு அனுப்பினேன். அவரில் பிழையில்லை, நான் சொன்னதைத்தான் செய்தார். குடும்பங்களைக் கூட்டி, வேலையை யார் நடத்துவது என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். மூன்று மாலைகள் பேச்சு நடந்தது. இரண்டாம் மாலையில் ஒரு சண்டையும் நடந்தது. கடைசியில் மாதர் சங்கத்தில் இருந்த ஒரு விதவைத் தாயைச் சொன்னார்கள். எனக்கு உள்ளூர விருப்பமில்லை. அவர் வாய் காரமானவர். என்னிடமே முகத்துக்கு நேரே பேசுபவர். பேசாமல் இருந்தேன்.

அவர் முதல் நாள் மண்வெட்டியை எடுக்க விடவில்லை. எல்லாரையும் கட்டின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடக்கச் செய்தார். எங்கே ஊறும், எங்கே எலி வளை, எங்கே மாடு இறங்கித் தேய்ந்தது என்று தெரிந்தவர்கள் நின்று காட்டினார்கள். அந்த இடங்களில் தடி நட்டார்கள். பழைய துருசு இருந்த இடத்தை அந்த முதியவரின் பொறுப்பில் விட்டார். அவர் அதைத் தோண்டி, உளுத்த கட்டையெல்லாம் எடுத்து, களிமண் கொண்டுவந்து ஒவ்வொரு படையாக நனைத்து இடிக்கச் செய்தார். எமது மதிப்பீட்டில் அதற்கு ஒதுக்கியிருந்தது இரண்டு நாள். ஆறு நாள் சென்றது. ஆறு நாளும் அவர் இருட்டும் வரை அங்கே நின்றார். யாரும் அவரை மேற்பார்வை செய்யவில்லை.

பிந்தி வருபவர்களின் கூலியை அந்தத் தாய் வெட்டவில்லை. ஏன் பிந்துகிறது என்று கேட்டார். குடிநீர் பவுசர் ஏழரைக்கு வருவதால் தண்ணீர் பிடித்துவிட்டே பெண்கள் வரமுடியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வேலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது. மாலையில் நேரம் சரிசெய்யப்பட்டது. ஒரு வருடமாக எத்தனை அரைநாள் கூலியை நாம் வெட்டினோம் என்று வரவுப் புத்தகத்தைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். அதைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்தோம். அதைக் கொடையாக எண்ண வேண்டாம், அது கடன்.

வெள்ளிக்கிழமை தோறும் வந்த பணம், கொடுத்த கூலி, லோட் மண்ணுக்குக் கொடுத்தது, மிச்சம் எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதிப் பாலை மரத்தில் தொங்கவிட்டார். எனது அலுவலகக் கணக்காளருக்கு இது பிடிக்கவில்லை. வீண் கேள்விகள் வரும் என்றார். வந்தன. டிராக்டர் வாடகை ஏன் இவ்வளவு என்று கேட்டார்கள். விசாரித்தபோது கூடத்தான் இருந்தது. அடுத்த வாரம் குறைந்த வாடகைக்கு வேறு டிராக்டர் வந்தது. மிச்சப் பணத்தில் வான் பகுதிக்கும் கல் அடுக்கினார்கள். அது திட்டத்திலேயே இருக்கவில்லை.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுதினால் பொய்யாகும். அவருடைய வாய்க்கு ஒரு குடும்பம் மனம் நொந்து வேலையை விட்டது; இன்றுவரை அவர்கள் சங்கத்துக்குத் திரும்பவில்லை. இரண்டு வருடம் சென்றபின், பிரதேச மட்டக் கூட்டங்களுக்குப் போய்ப் போய், அவரும் கட்டுக்கு வருவது குறைந்துவிட்டது. ஒரு நல்ல தலைவர் கிடைத்தால் எல்லாக் குழுவிலும் அவரையே தலைவராக்கி அவரை மக்களிடமிருந்து பிரித்துவிடுவது எமது ஊர்களின் பழைய நோய். அதில் நிறுவனங்களுக்கும் திருச்சபைக்கும் பங்குண்டு. எங்களுக்கு ஒரு தொலைபேசி இலக்கம் போதும் என்றிருக்கிறது. கல்லோயாவைப் போல ஒவ்வொரு சிறு வாய்க்காலுக்கும் ஒருவர் என்று பொறுப்பைப் பரப்பியிருந்தால் அவரும் களைத்திருக்க மாட்டார். மோசேயைப் பார்த்து அவருடைய மாமனார் இத்திரோ சொன்ன புத்தியும் இதுதான்; பத்துப் பேருக்கு ஒருவர் வரை இறங்கிப் பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்கச் சொன்னார்.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். இப்போது அந்தக் குளத்தில் வாய்க்காலுக்கு ஒருவராக மூவரைத் தெரிவு செய்ய யோசிக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் வேலையை விட்டுப்போன அந்தக் குடும்பத்திலிருந்து வரவேண்டும் என்று அந்தத் தாயே சொல்லியிருக்கிறார். அவர்கள் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. காலபோகக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருக்கிறார்கள். நான் கடைசியாகப் பேச வேண்டும் என்பது நிபந்தனை. பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை என்று அந்த முதியவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.